கரண்டி பிடிக்கும் பிள்ளைக்கும் உதவித்தொகை வேண்டும்

புலமைப்பரிசில் என்றதும் நம் லயங்களில் முதலில் நினைவுக்கு வருவது ஐந்தாம் ஆண்டுப் பரீட்சை. அதற்கடுத்து உயர்தரம் படிக்கிற பிள்ளைக்குக் கிடைக்கிற உதவி. அதற்கடுத்து பல்கலைக்கழகம் போன பிள்ளைக்கு மகாபொல. இந்த மூன்றும் நம் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்பதில் இரண்டு பேச்சு இல்லை.

ஆனால் சாதாரண தரத்தோடு பாடசாலையை விட்டு, கொழும்பிலோ கண்டியிலோ ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் மாப் பிசைந்துகொண்டிருக்கிற பிள்ளைக்கு என்ன இருக்கிறது? மாவனல்லையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் 'கடைக்குப் போன' பையன் இல்லாத லயத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அவன் விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் பிழிகிறான். இரவு பதினொரு மணிக்கும் கொத்து ரொட்டி கொத்துகிறான். பத்து வருடம் போனாலும் அவன் கையில் ஒரு சான்றிதழ் இல்லை. அதே லயத்தில் அவனுடைய அக்கா கொழுந்து எடுத்துவிட்டு வந்து, இரவில் முறுக்குச் சுட்டு, பையில் கட்டித் தோட்டத்துக் கடைக்குக் கொடுக்கிறாள். அவளிடம் ஒரு தொழில் பதிவு இல்லை.

இந்த இருவருக்கும் சேர வேண்டிய உதவித்தொகையையும் மானியத்தையும் பற்றியே இம்முறை பேசுகிறோம். நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாட்டில் சமையல் படிக்க இடங்கள் இருக்கின்றன. சிறுதொழில் தொடங்கத் திட்டங்களும் இருக்கின்றன. அவை லயத்துக்கு வந்து சேராததற்குக் காரணம் நம்மவர்களின் திறமைக் குறைவும் இல்லை, சோம்பலும் இல்லை. படிக்கிற மாதங்களில் வீட்டுக்கு வர வேண்டிய காசு நின்றுபோகிறது. தொழில் தொடங்குவதற்குச் சட்டப்படியான ஓர் இடம் இல்லை. இந்த இரண்டையும் கவனிக்காத எந்தத் திட்டமும் நம்மிடம் விண்ணப்பப் படிவமாகத்தான் வந்து சேரும், பணமாக வந்து சேராது.

சமையல் நமக்குப் புதிய தொழிலா?

துரை பங்களாவின் குசினியில் யார் நின்றார்கள் என்று நம் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அப்புவாகவும் கோக்கியாகவும் பலர் வேலை செய்தார்கள். வெள்ளைக்காரத் துரைக்குப் புடிங்கும் றோஸ்ட்டும் செய்யக் கற்றுக்கொண்ட கைகள் அவை. அந்தப் பங்களாக்கள் சில இன்று உல்லாசப் பிரயாணிகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. அங்கே சமையற்கூடத்துக்குப் பொறுப்பாக இருக்கிறவர் சான்றிதழோடு வெளியிலிருந்து வருகிறார். நம் பிள்ளை அதே தோட்டத்தில் பிறந்து, அதே பங்களாவில் பாத்திரம் கழுவப் போகிறான்.

கொழும்புச் சாப்பாட்டுக் கடைகளின் கதையும் இதுதான். ரொட்டி வீசுகிறவர், வடை சுடுகிறவர், தோசைக் கல்லில் நிற்கிறவர் எந்த ஊர் என்று விசாரித்தால் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய, அரநாயக்க என்று நம் மாவட்டத்தின் பெயர்களும் வரும். தொழில் தெரிந்தவர்கள் நாம். தொழிலுக்கு உரிய பெயரும் கூலியும்தான் நம்மிடம் இல்லை.

மாவனல்லை இருக்கிற இடத்தையும் பாருங்கள். கொழும்பு–கண்டி பெருவீதி நம் ஊர் நடுவே போகிறது. கடுகண்ணாவை ஏற்றத்துக்கு முன் வாகனங்கள் நின்று தேநீர் குடித்துப் போகிற ஊர் இது. பக்கத்தில் 1975இல் தொடங்கிய பின்னவல யானைகள் சரணாலயம். வீதியோரம் வாசனைத் திரவியத் தோட்டங்கள். உள்ளூர்ப் பிரயாணிகளும் வெளிநாட்டவரும் நாள்தோறும் இந்த வழியாகப் போகிறார்கள். அவர்கள் சாப்பிடுகிறார்கள், காசு கொடுக்கிறார்கள். அந்தக் காசில் மேட்டு லயத்துக்கு ஏறி வருவது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் இந்தக் கட்டுரையின் தேவை விளங்கும்.

படிக்கப் போகும் பிள்ளைக்கு எங்கே இடிக்கிறது?

1964இல் இலங்கை ஹோட்டல் பாடசாலை தொடங்கப்பட்டது. இன்று அது இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. கொழும்பில் மட்டுமல்ல, கண்டியிலும் பண்டாரவளையிலும் அதற்குக் கிளைகள் உண்டு. சமையல், பேக்கரி, பரிமாறுதல் என்று தனித்தனிப் பயிற்சிகள் அங்கே நடக்கின்றன. இதைத் தவிர தொழிற்பயிற்சி அதிகாரசபையும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையும் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தேசிய தொழில் தகைமை என்ற அளவுகோல் இருக்கிறது. என்.வி.கியூ. என்று நம் பிள்ளைகள் சொல்வது அதைத்தான். மூன்றாம் மட்டம், நான்காம் மட்டம் என்று ஏறிப் போகலாம். ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம்.

ஆக, ஏணி இருக்கிறது. ஏணியின் முதல் படிதான் நம் பிள்ளைக்கு எட்டவில்லை. ஏன் என்று ஒரு குடும்பக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

2024 செப்டெம்பரில் நம் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அது 1,750 என்ற கணக்குக்கு வந்தது. அதில் 1,550 அடிப்படைச் சம்பளம், 200 அரசாங்கம் தருவதாகச் சொன்ன வரவு ஊக்குவிப்பு. மாதம் 25 நாள் பெயர் விழுந்தால் 43,750 ரூபா. ஊழியர் சேமலாப நிதி, சந்தா, கடைக் கடன் எல்லாம் கழிவதற்கு முந்திய தொகை இது. கேகாலைப் பக்கம் மழை பிடித்தால் இறப்பர் வெட்டு இல்லை. பால் வெட்டு இல்லாத நாளில் 25 என்பது பதினெட்டாகவும் பதினைந்தாகவும் குறைந்துவிடும்.

இந்த வருமானத்தில் ஒரு பிள்ளை கண்டியில் அறை எடுத்துத் தங்கிச் சமையல் படிக்க வேண்டும். பயிற்சிக் கட்டணம் செலவின் ஒரு பகுதி மட்டும்தான். வெள்ளைச் சட்டை, ஏப்ரன், வழுக்காத சப்பாத்து, கத்தி, பஸ் கூலி, அறை வாடகை என்று மிச்சச் செலவு நீளும். இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. கடைக்குப் போனால் அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும், மாதச் சம்பளத்தில் வீட்டுக்கும் கொஞ்சம் வரும். பயிற்சிக்குப் போனால் அத்தனையும் நின்றுவிடும். சில அரசாங்கப் பயிற்சி நிலையங்களில் ஏதோ ஒரு படிக்காசு உண்டு, ஆனால் அது பஸ்ஸுக்கே சரியாகப் போகும். 'படிப்பா, கடையா?' என்று ஒரு தாய் முடிவெடுக்க வேண்டிய நிலையில் கடை ஜெயிக்கிறது. அந்தத் தாயைக் குறைசொல்ல நமக்கு வாய் வரவில்லை.

ஆகவேதான் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்கிற உதவி போதாது என்கிறோம். பயிற்சி மாதங்களுக்கு வாழ்க்கைச் செலவும் சேர்ந்து வர வேண்டும். நம் பிரேரணை இது: மாதத்துக்குப் பத்து நாட் சம்பளத்துக்குக் குறையாத உதவித்தொகை. 1,750இன்படி மாதம் 17,500 ரூபா. ஆறு மாதப் பயிற்சிக்கு 1,05,000. கேகாலை மாவட்டத் தோட்டங்களிலிருந்து வருடம் பத்துப் பிள்ளைகளை அனுப்பினால் மொத்தம் 10,50,000 ரூபா. ஓர் அமைச்சுக்கோ ஒரு கம்பனிக்கோ இது எட்டாத தொகை என்று யாரும் சொல்ல முடியாது.

ஏற்கனவே கடையில் நிற்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பலருக்கு அது தெரியாது. வேலை செய்து கற்றுக்கொண்டதைச் செய்து காட்டி, பரீட்சகர் முன் நிரூபித்தால், வகுப்பில் உட்காராமலேயே தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். முன் கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். பத்து வருடம் ரொட்டிக் கல்லில் நின்றவனுக்கு இது பெரிய வாய்ப்பு. வெளிநாட்டுக்குச் சமையற்காரராகப் போக நினைக்கிறவருக்கும் அந்தக் காகிதம் துணை நிற்கும். ஆனால் பரீட்சைக்கு வர வேண்டுமென்றால் முதலாளி விடுமுறை தர வேண்டும், விண்ணப்பத்தை யாராவது நிரப்பித் தர வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். இந்த மூன்றிலும் சங்கம் கைகொடுக்க முடியும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 2016 முதல் பதினாறு வயது வரை பாடசாலை கட்டாயம். 2021இலிருந்து பதினாறுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். நாம் கேட்கும் உதவித்தொகை பாடசாலைப் பருவம் முடிந்த பிள்ளைக்கு. படிக்கிற பிள்ளையை இடையில் நிறுத்திக் குசினிக்கு அனுப்புவதற்கு யாரும் இதைச் சாட்டாக எடுக்கக் கூடாது.

தொழில் தொடங்க நினைக்கும் பெண்ணுக்கு எங்கே இடிக்கிறது?

முறுக்குச் சுடுகிற நம் அக்காவிடம் வருவோம். அவள் தன் முறுக்கை மாவனல்லைக் கடைகளுக்குப் போட ஆசைப்படுகிறாள். பையில் பெயர் ஒட்ட வேண்டும். பெயர் ஒட்ட வியாபாரப் பெயர் பதிவு வேண்டும். அதற்குப் பிரதேச செயலகம் போகிறாள். கிராம சேவகர் கடிதம் கேட்கிறார்கள். சரி, வாங்கிவிடலாம். தொழில் நடக்கிற இடத்தின் உறுதி அல்லது குத்தகைப் பத்திரம் அல்லது உரிமையாளரின் சம்மதக் கடிதம் கேட்கிறார்கள். இங்கேதான் வழி அடைபடுகிறது.

அவள் பாட்டி காலத்திலிருந்து இருக்கிற லயக்காம்பரா அவளுடையது இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. காணி கைமாறிய ஒவ்வொரு முறையும் அதில் குடியிருந்தவர்களின் பெயர் எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை. ஆகவே முறுக்குச் சுடுவதற்கும் துரையின் கடிதம் வேண்டும். 'இது தேயிலைத் தோட்டம், கடை வீதி இல்லை' என்று அவர் சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

கடிதம் கிடைத்தாலும் அடுத்த வாசல் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் விற்பனைக்கு உணவு தயாரிக்கிற இடம் சுகாதார நிபந்தனைகளுக்கு உட்பட்டது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். படுக்கிற இடமும் சமைக்கிற இடமும் வேறாக இருக்க வேண்டும். தரையும் சுவரும் கழுவக்கூடியவையாக இருக்க வேண்டும். சுத்தமான தண்ணீர், கழிவு நீர் வடிகால், ஈ புகாத பாதுகாப்பு எல்லாம் வேண்டும். இவை நியாயமான நிபந்தனைகள். நம் பிள்ளைகளும் சாப்பிடுகிற உணவு அது. பரிசோதகர் நம் எதிரி இல்லை. ஆனால் பத்தடிக் காம்பராவில் ஆறு பேர் படுத்து, இஸ்தோப்பில் அடுப்பு வைத்து, பீலித் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கிற வீட்டை எந்தப் பரிசோதகராலும் உணவுத் தயாரிப்பு நிலையமாகப் பதிய முடியாது. வீட்டுப் பிரச்சினைதான் இங்கே தொழில் பிரச்சினையாகத் திரும்பி வருகிறது.

பதிவு இல்லாதவளுக்கு மானியமும் இல்லை. சிறுதொழில் உதவித் திட்டங்கள் எதை எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே பதிவு இலக்கம் கேட்கும். வங்கிக் கடன் என்றால் நிலையான சம்பளக்காரர் இருவர் பிணை நிற்க வேண்டும். லயத்தில் அரசாங்க உத்தியோகத்தரை எங்கே தேடுவது? கடைசியில் அவள் வாசலுக்கே தேடி வருவது கிழமைக் கடன்தான். பதிவு கேட்காது, உறுதி கேட்காது. கிழமைக்குக் கிழமை தவணை மட்டும் கேட்கும். முறுக்கு விற்றாலும் விற்காவிட்டாலும், மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும், தவணை நாள் மாறாது. நுண்கடனில் நம் பெண்கள் பட்ட பாட்டை இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. எழுதுகிற நமக்கும் வாசிக்கிற உங்களுக்கும் அது தெரியும்.

முதலில் இடம், பிறகு பணம்

இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. விவசாயத் திணைக்களம் பேராதனைக்கு அருகே கன்னொறுவையிலும் வேறு இடங்களிலும் 'ஹெல போஜுன்' என்ற உணவுக் கூடங்களை நடத்துகிறது. வடக்கில் அதே முறையில் 'அம்மாச்சி' உணவகங்கள் மாகாண சபைக் காலத்தில் எழுந்தன. யாழ்ப்பாணம் திருநெல்வேலி, கிளிநொச்சி, வவுனியா என்று பல இடங்களில் இயங்குகின்றன. கூடமும் தண்ணீரும் சுகாதார ஏற்பாடும் திணைக்களத்துடையவை. சமையலும் வியாபாரமும் பெண்களுடையவை. ஒருத்தி தோசை, அடுத்தவள் குரக்கன் ரொட்டி, இன்னொருத்தி இலைக்கஞ்சி என்று ஒரே கூரையின் கீழ் பிரித்துச் செய்கிறார்கள். போரில் வீட்டுக்காரரை இழந்த பெண்களும் அங்கே அடுப்படியில் நின்று குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். ஏ–9 வீதியில் போகிற தூரப் பிரயாணிகள் அம்மாச்சியைத் தேடி இறங்கிச் சாப்பிடுகிறார்கள்.

ஏ–9இல் முடிந்தது ஏ–1இல் முடியாதா? மாவனல்லையில் பெருவீதியோரமாக ஒரு கூடம், அதில் தோட்டத்துப் பெண்களுக்கும் கிராமத்துப் பெண்களுக்கும் தட்டுகள். தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும், பலாக்காய்க் கறியும், உளுந்து வடையும், கித்துள் பாணியில் செய்த இனிப்பும் கிடைக்கும் என்றால் கண்டிக்குப் போகிற பஸ் நிற்காமல் போகுமா?

கடல் தாண்டியும் படிப்பினைகள் உண்டு. கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கம் பெண்களின் குழுக்களைக் கொண்டு உணவகங்களை நடத்துகிறது. 2020இல் அங்கே மக்கள் உணவகங்கள் தொடங்கியபோது இடத்தையும் தண்ணீரையும் மின்சாரத்தையும் உள்ளூராட்சி சபைகள் பார்த்துக்கொண்டன, இருபது ரூபாவுக்குச் சாப்பாடு கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அரசாங்கம் கொடுத்த மானியம் 2023இல் நின்றபோது பல உணவகங்கள் தடுமாறின. சாப்பாட்டு விலையை அரசாங்கத்தின் தயவில் கட்டி வைத்தால் ஆட்சி மாறினாலும் வருமானம் குறைந்தாலும் அடுப்பு அணைந்துவிடும். கட்டடமாகவும் பயிற்சியாகவும் உபகரணமாகவும் வருகிற மானியம் நிலைக்கும்.

இந்திய மத்திய அரசாங்கம் 2020இல் குறு உணவுத் தயாரிப்புத் தொழில்களுக்கென்று தனித் திட்டம் கொண்டுவந்தது. முதலீட்டில் 35 சதவீதம், அதிகபட்சம் பத்து இலட்சம் இந்திய ரூபா வரை மானியம். அதைவிட நமக்குப் பொருந்துவது அதே திட்டத்தின் இன்னொரு பகுதி. உணவு தயாரிக்கிற சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 இந்திய ரூபா தொடக்க முதல், சிறு கருவி வாங்கவும் கைமுதலுக்கும். படிப்புப் பக்கத்தில் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகள் சென்னை தரமணியில் உள்ள மத்திய ஹோட்டல் முகாமைத்துவக் கல்லூரியில் படிக்க, தாட்கோ என்ற அரச நிறுவனம் செலவை ஏற்றுக்கொண்டது. ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளைப் பெரிய சமையற்கூடத்துக்குள் கொண்டுபோக அரசாங்கம் பணம் போடுவது அங்கே கொள்கையாகிவிட்டது. இங்கே அது இன்னும் கோரிக்கையாகக்கூட எழவில்லை.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: தோட்டப் பிள்ளைகளுக்குச் சமையல், பேக்கரிப் பயிற்சிக்கான உதவித்தொகை. கட்டணத்தோடு மாதாந்த வாழ்க்கைச் செலவும் உடுப்பும் கருவியும் சேர்ந்தது. பணம் எங்கே என்று கேட்பார்கள். உல்லாச ஹோட்டல்களின் வருமானத்தில் 1 சதவீதம் சுற்றுலா அபிவிருத்தித் தீர்வையாக அறவிடப்படுகிறது. அதில் ஒரு பங்கு ஹோட்டல் கல்லூரிக்குப் போகிறது. தேயிலை மலையைக் காட்டித்தான் இந்த நாட்டின் சுற்றுலா விற்கப்படுகிறது. அந்த மலையைப் பச்சையாக வைத்திருக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பங்கில் ஓர் ஒதுக்கீடு கேட்பது பிச்சை ஆகாது.

இரண்டு: 1947 முதல் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் நம் பிள்ளைகள் உயர்தரமும் பல்கலைக்கழகமும் படிக்க உதவி வருகிறது. அதைப் போலவே சமையல் உள்ளிட்ட கைத்தொழில் கற்கிற பிள்ளைக்கும் நிரந்தரமான ஒரு நிதி வேண்டும். பட்டம் படிக்கிறவர் கெட்டிக்காரர், தொழில் படிக்கிறவர் தோற்றவர் என்ற எண்ணத்தை உதவித் திட்டங்களே வளர்க்கக் கூடாது.

மூன்று: ஒவ்வொரு தோட்டத்திலும் பாவனையில்லாமல் பூட்டிக் கிடக்கிற கட்டடங்கள் உண்டு. பழைய அரிசி ஸ்டோர், கைவிட்ட புகைக்கூடம், பிள்ளை குறைந்து மூடிய பிள்ளைக்காம்பரா என்று பட்டியல் போடலாம். அவற்றில் ஒன்றைப் பொதுச் சமையற்கூடமாகத் திருத்தித் தர வேண்டும். அந்த முகவரியில் பத்துப் பெண்களின் தொழிலைப் பதிய நிர்வாகம் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். துரை மாறினால் செல்லாமல் போகிற வாய்ப்பேச்சு வேண்டாம். குறைந்தது ஐந்து வருட ஒப்பந்தம் வேண்டும்.

நான்கு: பிரதேச சபைகள் தோட்டங்களுக்குச் செலவு செய்யத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. 'தோட்டம் எங்கள் பொறுப்பில்லை' என்ற பழைய பதில் இனி செல்லாது. பெருவீதியில் விற்பனைக் கூடம், தோட்டச் சமையற்கூடத்துக்குத் தண்ணீர், வடிகால் ஆகியவற்றைச் சபையின் வரவு செலவில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதே வருடம் வந்த 32ஆம் இலக்கச் சட்டத்தால் தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் உருவானது. அதன் கதவையும் தட்ட வேண்டும்.

ஐந்து: படிவங்கள் தமிழில் வேண்டும். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் குடிமகனுக்கு உரிமை உண்டு என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. மானியப் படிவம் கையில் கிடைத்தும், வாசிக்க முடியாமல் அலமாரியில் கிடந்து திகதி தாண்டிப் போகக் கூடாது.

ஆறு: தொடக்க முதல் மானியமாக வர வேண்டும், கடனாக அல்ல. ஒரு கிரைண்டர், ஒரு காஸ் அடுப்பு, ஒரு பை ஒட்டும் இயந்திரம், முதல் இரண்டு மாத மாவும் எண்ணெயும். இவ்வளவு இருந்தால் பத்துப் பெண்கள் தொடங்கலாம். விற்பனை நிலைத்த பிறகு விரிவாக்கக் கடன் எடுப்பது அவர்கள் விருப்பம்.

எழக்கூடிய சில கேள்விகள்

'சங்கத்தின் வேலை சம்பளம் கேட்பது. முறுக்கும் வடையும் சங்கத்துக்கு எதற்கு?' என்று சில தோழர்கள் கேட்கலாம். சம்பளக் கோரிக்கையில் ஒரு சதமும் நாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் ஒரு குடும்பத்துக்குத் தோட்டச் சம்பளத்தைத் தவிர வேறு வழியே இல்லை என்ற நிலை கம்பனிக்குத்தான் வசதி. வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள் அடுப்பு எரியாத லயம் எப்படி நின்று பேசும்? இன்னொரு வருமானம் உள்ள தொழிலாளியின் குரல் பேச்சுவார்த்தை மேசையில் உரத்துக் கேட்கும்.

கம்பனிகள் இதையே திருப்பிச் சொல்லவும் பார்க்கும். 'வீட்டில் வேறு வருமானம் வருகிறது, சம்பளம் எதற்குக் கூட்ட?' என்பார்கள். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. கொழுந்துக்கும் பாலுக்கும் உரிய கூலி தனி. ஒரு பெண் இரவில் எண்ணெய்ச் சட்டிக்கு முன் நின்று சம்பாதிப்பது அவளுடையது.

'பெண்களுக்கு ஏற்கனவே இரண்டு வேலை. மூன்றாவதையும் சுமத்துகிறீர்களா?' என்ற கேள்வி இவற்றில் கனமானது. மலையிலிருந்து இறங்கி வந்து வீட்டு வேலை முடித்து, அதன் பிறகு மாப் பிசையச் சொல்வது முன்னேற்றம் ஆகாது. ஆகவே பொதுச் சமையற்கூடம் பகலில் இயங்க வேண்டும். மலைக்குப் போகாத பெண்கள், ஓய்வு பெற்றவர்கள், பாடசாலை முடித்துக் காத்திருக்கும் பிள்ளைகள் அதில் முன்னுரிமை பெற வேண்டும். ஆண்களும் வர வேண்டும். வீட்டில் பெண் சமைத்தால் கடமை, கடையில் ஆண் சமைத்தால் தொழில் என்ற கணக்கு நம் வீட்டுக்குள்ளும் மாற வேண்டிய ஒன்று.

'படித்துவிட்டு ஊரை விட்டுப் போய்விடுவார்களே' என்றும் சொல்வார்கள். இப்போதும் போகத்தான் செய்கிறார்கள், சான்றிதழ் இல்லாமல் போகிறார்கள். போகிற பிள்ளை நாலாம் மட்டச் சான்றிதழோடு போனால் கடைக்காரர் முன் கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை. சம்பளம் பேசலாம், சேமலாப நிதி கேட்கலாம், லீவு கேட்கலாம்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

இந்தப் பத்திரம் கைக்கு வந்ததும் ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் சேர்ந்து மூன்று பட்டியல் எழுதுங்கள். வெளியூர்ச் சாப்பாட்டுக் கடைகளில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் யார், எத்தனை வருட அனுபவம் என்பது முதல் பட்டியல். தோட்டத்துக்குள் உணவு செய்து விற்கிற பெண்கள் யார், என்ன செய்கிறார்கள், எங்கே விற்கிறார்கள் என்பது இரண்டாவது. பூட்டிக் கிடக்கிற கட்டடம் எது, தண்ணீரும் மின்சாரமும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பது மூன்றாவது. நியாயவிலைக் கடைப் பொருட்பணத்தில் ஒரு பகுதி தொழிலாளர் குழுவின் கையில் வருகிற தோட்டம் உங்களுடையது என்றால், அதில் ஒரு பங்கைப் பயிற்சிக்கு ஒதுக்க முடியுமா என்று அந்தக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள்.

பட்டியல்கள் மாவட்டக் காரியாலயத்துக்கு வந்ததும் முதல் பட்டியலில் உள்ளவர்களுக்கு முன் கற்றல் அங்கீகார விண்ணப்பங்களைச் சங்கத்தின் மூலம் ஒன்றாக அனுப்புவோம். ஒருவர் தனியாகப் போனால் 'நாளைக்கு வா' என்பார்கள். நாற்பது விண்ணப்பத்தோடு ஒரு சங்கம் போனால் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்கள். மற்ற இரண்டு பட்டியல்களையும் நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் பேச எடுத்துச் செல்வோம்.

பல தலைமுறையாக நாம் பறித்துக் கொடுத்த கொழுந்து உலகம் முழுவதும் மேசைக்குப் போயிருக்கிறது. அந்த மேசையில் தேநீரோடு வைக்கிற பலகாரத்தையும் நம் பிள்ளை செய்யட்டும். அதற்கு உரிய சான்றிதழும் அவன் பெயரில் இருக்கட்டும். அதற்கு உரிய அடுப்பும் இடமும் பதிவும் அவன் அக்காவின் பெயரில் இருக்கட்டும். பட்டியல்களை அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன் அனுப்பிவையுங்கள்.